மருத்துவமனையில் நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது: புதிதாகப் பணியில் சேர்வோருக்கான வழிகாட்டி

மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு முதல் சில நாட்களிலேயே ஓர் அடையாள அட்டையும் கணினிக்கான லாகினும் கிடைத்துவிடுகின்றன. அவற்றோடு, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரின் உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளும் வசதியும் கைக்கு வந்துவிடுகிறது. இதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு பயிற்சி முடிந்துவிடுவதும் உண்டு. வரவேற்பு மேசை, வார்டு, லேப், மருந்தகம், பதிவறை, கணக்குப் பிரிவு என எங்கு சேர்ந்தவருக்கும், சிறிய கிளினிக் ஒன்றில் இந்தப் பொறுப்பு திடீரென்று ஒப்படைக்கப்பட்டவருக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இரகசியம் காப்பது என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளியிலிருந்து கணினிக்குள் ஊடுருவும் திருடன்தான். அந்த ஆபத்து கற்பனையன்று. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளை வைத்து, 2020-இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். ஆனால் அத்தகைய தாக்குதலைத் தடுப்பது பெரும்பாலும் கணினிப் பிரிவின் வேலை. உங்கள் கையில் இருப்பது வேறொன்று: உரக்கப் பேசிய ஒரு சொல், மேசையில் விட்டுப்போன ஒரு தாள், வேலைக்குத் தேவையில்லாமல் திறந்து பார்த்த ஒரு பதிவு. ஆகவே எந்தத் தகவலைத் தொடும்போதும் ‘என் வேலையைச் செய்ய இது எனக்கு வேண்டுமா?’ என்ற கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே.

முதற்படி: தகவல் நடந்து போகும் வழியை நீங்களும் நடந்து பாருங்கள்

விதிமுறைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நோயாளி வாசலில் நுழைவதிலிருந்து வீடு திரும்புவது வரை அவருடைய தகவல் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது. பதிவு மேசையில் பெயரும் முகவரியும் கொடுக்கிறார், ஓ.பி. சீட்டு எழுதப்படுகிறது, மருத்துவர் அறையில் கேஸ் ஷீட் நிரம்புகிறது, இரத்தக் குழாயின் மேல் லேபிள் ஒட்டப்படுகிறது, ரிப்போர்ட் அச்சாகிறது, மருந்தகத்தில் பில் போடப்படுகிறது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் படிவம் போகிறது, கடைசியில் கோப்பு பதிவறையின் அலமாரிக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இதை யார் பார்க்கிறார்கள், யார் காதில் விழுகிறது, வேலை முடிந்தபின் இது எங்கே கிடக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. அங்கிருந்துதான் உங்கள் பட்டியல் தொடங்கும்.

இப்படி நடந்து பார்க்கும்போது, ‘தகவல்’ என்பது நோயின் பெயர் மட்டுமல்ல என்பதும் புரிந்துவிடும். ஒருவர் மனநலப் பிரிவுக்கோ புற்றுநோய்ப் பிரிவுக்கோ வந்தார் என்பதே ஒரு தகவல்தான். மருந்துச் சீட்டில் நோயின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் மருந்தின் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தால் காசநோய்க்கா, எச்.ஐ.வி.க்கா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘நாளை காலை கருத்தரிப்பு மையத்தில் உங்கள் சந்திப்பு’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால், மேசைமீது கிடக்கும் கைபேசியின் திரையில் அதை வீட்டில் உள்ள யாரும் படிக்க முடியும். ‘நாளை காலை 10 மணிக்குச் சந்திப்பு’ என்றாலே போதும்.

இரண்டாம் படி: வரவேற்பு மேசையில் குரலைத் தாழ்த்துங்கள்

பதிவு மேசையில் நாள்தோறும் நடக்கக்கூடிய ஓர் உரையாடல் இது. வரிசையில் முன்னால் நிற்பவர் சற்றுக் குனிந்து, கண்ணாடியின் ஓட்டை அருகே வாயை வைத்து, தாம் எந்த மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மெல்லச் சொல்கிறார். உள்ளே இருப்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ‘என்ன சார், பால்வினை நோய்ப் பிரிவா?’ என்று அவர் திருப்பிக் கேட்கிறார். பின்னால் நிற்கும் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. கேட்டதை உறுதிசெய்துகொள்ளத்தான் விரும்பினார். ஆயினும் அந்த நோயாளி அடுத்த முறை வராமலே இருந்துவிடக்கூடும், அல்லது வந்தாலும் மருத்துவரிடம் பாதியை மறைத்துவிடக்கூடும். அந்தரங்கத்தைக் காப்பது சிகிச்சையோடு தொடர்பில்லாத ஏதோ ஒரு நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கான தீர்வுகளுக்குப் பெரிய செலவில்லை. பிரிவுகளின் பெயர்களை எண்ணிட்டு ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டால், நோயாளி விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். காத்திருப்போர் நிற்க வேண்டிய கோட்டை மேசையிலிருந்து சில அடிகள் தள்ளித் தரையில் வரையலாம். கணினித் திரையை வரிசையில் நிற்போர் பார்வையில் படாதபடி திருப்பி வைக்கலாம். வந்தவர் யார் என்று சரிபார்க்கும்போது, ‘இன்ன பெயர், இந்தப் பிறந்த தேதி, சரிதானே?’ என்று நீங்கள் படித்துக் காட்டாமல், அவரையே சொல்லச் சொல்லுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: பதற்றத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிடுவார் என்பதால், அவர் வாயாலேயே வரவழைப்பது ஆள்மாறாட்டத்தையும் தடுக்கும்.

காத்திருப்போர் கூடத்தில் டோக்கன் எண்ணைச் சொல்லி அழைப்பது நல்ல வழக்கம். ஆனால் மருந்து கொடுக்கும்போதும், இரத்தம் ஏற்றும்போதும், அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போதும் பெயரைக் கேட்டே ஆக வேண்டும். பெயரோடு பிறந்த தேதியோ நோயாளி எண்ணோ இன்னோர் அடையாளத்தையும் ஒப்பிட வேண்டும். உயிர்ப் பாதுகாப்பும் இரகசியமும் மோதும் இடத்தில் உயிர்ப் பாதுகாப்பே முந்தும். அங்கே குரலைத் தாழ்த்தலாம், கேள்வியை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: வார்டில் திரைச்சீலையை நம்பாதீர்கள்

கட்டிலைச் சுற்றி இழுக்கப்படும் திரை பார்வையை மறைக்கும், ஒலியை மறைக்காது. ரவுண்ட்ஸின்போது மருத்துவர்கள் கட்டிலருகே பேசுவதைத் தவிர்க்க முடியாதுதான். எனினும் பரிசோதனை முடிவைச் சொல்வது, பாலியல் தொடர்பான கேள்விகளைக் கேட்பது, மதுப் பழக்கம் பற்றி விசாரிப்பது போன்றவற்றை, நோயாளி நடக்கக்கூடியவரானால் தனியறைக்கு அழைத்துச் சென்று பேசலாம். டூட்டி மாறும்போது செவிலியர்கள் விவரம் ஒப்படைப்பதை நடைபாதையில் வைத்துக்கொள்ளாமல் செவிலியர் அறையில் வைத்துக்கொள்ளலாம். லிஃப்டிலும் கேன்டீனிலும் நோயாளிகளைப் பற்றிப் பேசவே கூடாது. பெயரைச் சொல்லாமல் பேசினால் பரவாயில்லை என்று வாதிடுவோர் உண்டு. ‘மூன்றாம் மாடியில் நேற்றிரவு சேர்ந்த அந்த ஆசிரியை’ என்றால், பக்கத்தில் நிற்கும் அவருடைய தம்பிக்குப் பெயர் தேவையில்லை.

வார்டில் மிகக் கடினமான சோதனை உறவினர்களிடமிருந்துதான் வருகிறது. அவர்கள் அன்பினால் கேட்கிறார்கள், நாமும் இரக்கத்தால் சொல்லிவிடுகிறோம். இதற்கு ஒரே வழி, கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பதுதான். நோயாளி சேரும் நாளிலேயே, உடன் வந்தவர்கள் அருகில் இல்லாதபோது, ‘உங்கள் உடல்நிலையைப் பற்றி யாரிடம் சொல்லலாம்? யாரிடம் சொல்லக் கூடாது?’ என்று இரண்டையும் கேட்டு, விடையைக் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் பெரும்பாலும் ‘எல்லாரிடமும் சொல்லலாம்’ என்று வந்துவிடும். இரண்டாவது கேள்விதான் உண்மையை வெளியே கொண்டுவரும். நோயாளியின் மொழி மருத்துவருக்குத் தெரியாதபோது, அருகில் நிற்கும் மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்வதும் இதே வகைச் சிக்கல்தான். தாயின் கருச்சிதைவைப் பற்றிய கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க நேரக் கூடாது.

தொலைபேசியில் ‘நான் அவருடைய அண்ணன் பேசுகிறேன், எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? எதிரில் பேசுபவர் அண்ணன்தானா, அலுவலக மேலாளரா, பிரிந்து வாழும் கணவரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. ‘இங்கே யார் சிகிச்சை பெறுகிறார்கள் என்பதைத் தொலைபேசியில் சொல்வதில்லை, ஐயா. உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் சேர்ப்பிக்கிறோம்’ என்று பதில் சொல்லலாம். அந்தப் பெயரில் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். இல்லாதவருக்கு ‘அப்படி யாரும் இல்லை’ என்றும் இருப்பவருக்கு ‘சொல்ல முடியாது’ என்றும் கூறினால், இரண்டாவது பதிலே உண்மையைச் சொல்லிவிடுகிறது. சொல்லலாம் என்று நோயாளி எழுதிக் கொடுத்தவர் அழைத்தால், முன்பே பதிவுசெய்த எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்துப் பேசுங்கள்.

நான்காம் படி: பதிவைத் திறக்கும்போது காரணத்தோடு திறங்கள்

புதியவர்கள் இந்தப் படியில்தான் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்று கருதுகிறேன். கணினியில் ஒரு பெயரைத் தட்டினால் போதும், யாருடைய கோப்பும் திறந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரே, என்னவென்று பார்ப்போமா? பிரபலம் ஒருவர் சேர்ந்திருக்கிறாராமே? சக ஊழியர் ஒரு மாதமாக விடுப்பில் இருக்கிறாரே? இந்த ஆர்வம் மனித இயல்புதான். ஆனால் அவருடைய சிகிச்சையில் உங்களுக்குப் பங்கில்லையென்றால், பார்த்ததை ஒருவரிடமும் சொல்லாவிட்டாலும் அது அத்துமீறலே.

பின்லாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த பெண்மணி ஒருவர், அதே மருத்துவமனையில் எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார். தம்முடைய நோய் சக ஊழியர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று 1990-களின் தொடக்கத்தில் அவருக்குச் சந்தேகம் எழுந்தது. யார் தம் கோப்பைப் பார்த்தார்கள் என்று கேட்டபோது மருத்துவமனையால் பதில் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அங்கிருந்த முறை கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே பதிந்துவைத்தது, அதுவும் பிரிவின் பெயரைத்தான் காட்டியது, ஆளின் பெயரைக் காட்டவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள், நிரூபிக்க முடியவில்லை என்று அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: யார் பார்த்தார் என்று காட்டக்கூடிய பதிவை வைத்திருக்க வேண்டிய கடமை மருத்துவமனையுடையது, அதை வைத்திராத குறைக்கு நோயாளியைப் பொறுப்பாக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆகவே உங்கள் லாகின் உங்கள் கையெழுத்துக்குச் சமம். அவசரத்தில் இருக்கும் சக ஊழியருக்கு அதைக் கொடுத்தால், அவர் பார்த்ததெல்லாம் நீங்கள் பார்த்ததாகவே பதிவாகும். இருக்கையை விட்டு எழும்போது திரையைப் பூட்டுங்கள். வார்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது இது தொல்லையாகத் தோன்றும், ஆயினும் செய்யுங்கள். உங்கள் சொந்த உறவினரின் கோப்பையும், பல நிறுவனங்களின் விதிப்படி உங்களுடைய கோப்பையுமேகூட, லாகினைப் பயன்படுத்தித் திறக்கக் கூடாது. வெளியாரைப் போலப் பதிவறையில் விண்ணப்பித்துப் பெறுவதே முறை. அவசரச் சிகிச்சையில், அனுமதி இல்லாத கோப்பையும் காரணத்தைக் குறிப்பிட்டுத் திறக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கும். உயிர் காக்கத் தேவையானபோது அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பிறகு கேள்வி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் இதற்கு மேலும் ஒன்றைச் செய்ய வேண்டும். போர்ச்சுகலில் ஒரு மருத்துவமனைக்கு 2018-இல் 4 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் 296 பேர், மருத்துவர் என்ற தகுதியில் கணினியில் உயிரோடிருந்த கணக்குகளோ 985. பணியை விட்டுப் போனவர்கள், பயிற்சிக்கு வந்து போனவர்கள், பிரிவு மாறியவர்கள் என ஒவ்வொருவரின் அனுமதியையும் அவர் போகும் நாளிலேயே நீக்க வேண்டும். சம்பளப் பட்டியலையும் கணக்குப் பட்டியலையும் மாதம் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தாலே பழைய கணக்குகள் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: தாள், கைபேசி, பழைய இயந்திரம்

தாளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அச்சியந்திரத்தில் கிடக்கும் ரிப்போர்ட்டை உடனே எடுங்கள். தவறாக அச்சான தாளின் பின்பக்கத்தைக் குறிப்பெழுதப் பயன்படுத்தாதீர்கள். குப்பைக் கூடையில் போடாமல் ஷ்ரெடரில் போடுங்கள். வருகைப் பதிவேட்டில், அடுத்து வருபவர் முந்தையவரின் பெயரையும் காரணத்தையும் படிக்கும்படி பத்தி வைக்காதீர்கள்.

கைபேசி வேறு விதமான ஆபத்து. அரிதான ஒரு புண்ணைப் படமெடுத்து மூத்த மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை கேட்பது பல இடங்களில் சாதாரணமாகிவிட்டது; அதனால் நோயாளிக்கு நன்மையும் கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படம் அனுப்பியவரின் படத்தொகுப்பிலும், இணையச் சேமிப்பிலும், குழுவில் உள்ள அத்தனை பேரின் கருவிகளிலும் தங்கிவிடுகிறது. நிறுவனம் இதற்கென ஒரு செயலியைத் தந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, முகமும் பச்சை குத்திய அடையாளங்களும் தெரியாமல் எடுத்து, குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் நோயாளியின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வார்டில் பிறந்தநாள் கொண்டாடி எடுத்த படத்தின் பின்னணியில் கட்டில் எண்ணும் நோயாளியின் பெயரும் எழுதிய பலகை தெரிவதும் உண்டு.

நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை உள்ளிருந்ததை அழிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. ஸ்கேன் இயந்திரமோ கணினியோ எதுவாயினும், வெளியே போகும் முன் உள்ளே இருப்பது அழிக்கப்பட்டதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

ஆறாம் படி: வெளியார் கேட்கும்போது தேவையான அளவே கொடுங்கள்

காப்பீட்டு நிறுவனம், வேலை கொடுப்பவர், காவல்துறை, பத்திரிகையாளர், ஆய்வாளர் எனப் பலர் கேட்பார்கள். கேட்பவர் யார், எந்த அதிகாரத்தில் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்குவது முதல் வேலை. மிடுக்கான குரலையும் சீருடையையும் அதிகாரத்துக்குப் பதிலாக ஏற்க வேண்டியதில்லை. பணிவாகப் பேசிப் பதிவறை அதிகாரியிடம் அனுப்பிவிடுங்கள். அடுத்து, கேட்ட காரணத்துக்குப் போதுமான அளவு மட்டும் கொடுங்கள். கால் முறிவுக்கான காப்பீட்டுக் கோரிக்கையோடு பத்தாண்டுக்கு முந்தைய மனநலக் குறிப்புகளையும் சேர்த்து முழுக் கோப்பையும் நகலெடுத்து அனுப்புவது சோம்பலின் விளைவேயன்றி ஒத்துழைப்பு அன்று. வேலை கொடுப்பவருக்கான சான்றிதழில் பெரும்பாலும் எத்தனை நாள் ஓய்வு, எந்த வேலைகளைச் செய்யலாம் என்பது போதும். நோயின் பெயர் வேண்டியதில்லை.

ஆய்வுக்காகத் தரவு கொடுக்கும்போது ‘பெயரை நீக்கிவிட்டோம்’ என்ற நிம்மதி ஏமாற்றக்கூடியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைத் தரவுகள் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து ஒரு நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார்; பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து, அன்றைய ஆளுநரின் மருத்துவப் பதிவு எதுவென்று கண்டுபிடித்தார். அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரை இந்த மூன்றைக் கொண்டே தனித்து அடையாளம் காண முடியும் என்று பின்னர் அவர் கணக்கிட்டார். 2006-இல் வேறோர் ஆய்வாளர் செய்த கணக்கு அதை 60 சதவீதத்தை ஒட்டிக் குறைத்தது. குறைந்த கணக்கும் கவலைக்குரியதே. மருத்துவத் தகவல்களைக் காப்பதற்கான அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில் உள்ள ஒரு முறையின்படி 18 வகை அடையாளங்களை நீக்க வேண்டும். தேதிகளில் ஆண்டை மட்டுமே வைத்திருக்கலாம், 89 வயதைத் தாண்டியவர்களை ஒரே தொகுதியாகக் காட்ட வேண்டும். வேறு நாட்டில் பணியாற்றினாலும் அந்தப் பட்டியல் ஒரு நல்ல தொடக்கம். ஆயினும் சிற்றூர் ஒன்றில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் அரிய நோயை எந்தப் பட்டியலும் மறைத்துவிடாது.

ஏழாம் படி: மறைப்பதே தவறாகும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் சிலர் அச்சத்தால் எதிர்த்திசையில் போய்விடுவதுண்டு: நோயாளியை ஏற்கும் வேறு மருத்துவமனைக்குக்கூட மருந்து ஒவ்வாமையைச் சொல்ல மறுப்பார்கள். சிகிச்சையில் பங்கேற்போருக்குத் தகவல் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். நோயாளிகளின் தகவலைக் கையாள்வதற்காகப் பிரிட்டனில் 1997-இல் வகுக்கப்பட்ட கால்டிகாட் நெறிகள் ஆறும் தகவலைக் கட்டுப்படுத்துவதைப் பற்றியே பேசின. 2013-இல் சேர்க்கப்பட்ட ஏழாவது நெறி, தகவலைப் பகிர வேண்டிய கடமையும் காக்க வேண்டிய கடமையைப் போலவே முக்கியமானதாகலாம் என்றது. அந்தத் திருத்தம் அனுபவத்திலிருந்து வந்தது என்றே நான் கொள்கிறேன்.

அறிவிக்க வேண்டிய தொற்றுநோய், குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை, நீதிமன்ற ஆணை போன்றவற்றில் இரகசியத்தைத் தாண்டி உரிய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்கின்றன. மனநோயாளி ஒருவர் குறிப்பிட்ட இன்னொருவருக்குக் கடுமையான ஆபத்தாக இருக்கும்போது, ஆபத்துக்குள்ளாகக்கூடிய அந்த இன்னொருவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தாரசாப் வழக்கில் கூறியது. எல்லா நாடுகளும் அதை அப்படியே ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது, எதை அனுமதிக்க மட்டும் செய்கிறது என்ற பட்டியலை முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள். இத்தகைய முடிவைத் தனியாக எடுக்காதீர்கள்; மூத்தவரைக் கலந்து, சொன்னதையும் சொன்ன காரணத்தையும் எழுதிவையுங்கள். நோயாளியின் இறப்போடு கடமை முடிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழியின் இன்றைய வடிவம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

எட்டாம் படி: கசிந்துவிட்டால் அன்றே சொல்லுங்கள்

ரிப்போர்ட் தவறான மின்னஞ்சலுக்குப் போய்விட்டது, கோப்பு பேருந்தில் தொலைந்துவிட்டது, சக ஊழியர் யாருடைய பதிவையோ பார்த்துச் சிரிப்பதைக் கண்டீர்கள். எதுவாயினும் பொறுப்பாளரிடம் அன்றே தெரிவியுங்கள். மறைத்துச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தில் போகும் ஒவ்வொரு மணிநேரமும் நோயாளிக்குத்தான் நட்டம். சட்டமும் காலத்தை அளந்தே வைத்திருக்கிறது: ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆபத்துக்கு இடமளிக்கும் கசிவை, அறிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும்; ஹிப்பா விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றியும், அதிகபட்சம் 60 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் உள்ளுக்குள் சொல்லாமல் வைத்திருந்தால் நிறுவனத்துக்கு அந்தக் கால அளவைக் காப்பது கடினமாகிவிடும். என்ன போனது, யாருக்குப் போனது, எப்போது தெரிந்தது, திரும்பப் பெற என்ன செய்யப்பட்டது என்று நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தால் போதும். மெயிலையோ பதிவுகளையோ அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், விசாரணைக்கு அவை வேண்டும்.

பிறகு நோயாளியிடம் சொல்ல வேண்டும். அதை மழுப்பாமல், எது வெளியே போனது என்றும் அவர் இனி எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். சொல்லும் வழியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தின் உறைமேல் பிரிவின் பெயர் அச்சாகியிருக்கக் கூடாது. தொலைபேசியை வேறொருவர் எடுத்தால் விவரம் சொல்லாமல், எப்போது நேரில் பேச முடியும் என்று மட்டும் கேளுங்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் தனியாகப் பேச முடியும் என்பதை நோயாளி சேரும்போதே கேட்டு எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு வரி இப்போது கைகொடுக்கும்.